நோட்டு பரண்ல இருக்கு மாப்ளே

மாப்ளே, உன் மக இங்க ராசாத்தியா இருக்கா. கம்மங்கூழை முதல் நாள் முகத்தைச் சுளிச்சுக்கிட்டுக் குடிச்சா, இப்ப சட்டியை வழிச்சுக்கிட்டு நிக்கிறா.

லீவுக்கு அனுப்பும்போது அவ பைக்குள்ள நீ வச்சுவிட்ட ரெண்டு சாமானும் பத்திரமா வந்து சேந்துச்சு. ஒண்ணு, புத்தகக் காட்சியில வாங்கின ‘டோட்டோ-சான்: ஜன்னலில் ஒரு சிறுமி’. இன்னொண்ணு, 192 பக்கக் கோடு போட்ட நோட்டு. முதல் பக்கத்துல ஸ்கேல் வச்சு மூணு கட்டம்: சொல், பொருள், வாக்கியத்தில் அமைக்க. ஓரத்துல சிவப்பு மையில ‘தினமும் 10’. கூடவே போன்ல உன் உத்தரவு: “மாமா, தமிழ்ல ஒக்காபுலரி வீக்காம், காம்ப்ரிஹென்ஷன் அதைவிட வீக்காம், மிஸ் சொல்லிட்டாங்க. லீவு முடியுறதுக்குள்ள ஏத்திவிட்ருங்க.”

புத்தகம் திண்ணையில இருக்கு. நோட்டு பரண்ல இருக்கு. எலி கடிக்காம வேப்பிலை போட்டு வச்சிருக்கேன், கவலைப்படாத.

கோவிச்சுக்காத மாப்ளே. உன் நோட்டு மேல எனக்கு ஒரு விரோதமும் இல்ல. நம்ம வீட்டு மொய் நோட்டைப் பாத்திருக்கியா? பேரு இருக்கும், ஊரு இருக்கும், தொகை இருக்கும். அந்த ஆளு எதுக்க வந்தா யாருன்னே தெரியாது. நீ நினைக்கிற மாதிரி தினமும் 10 எழுதியிருந்தா உன் மககிட்டயும் லீவு முடிய அப்படி ஒரு நோட்டு தேறியிருக்கும். மிஸ்கிட்டக் காட்டலாம். மிஸ்ஸும் டிக் போடுவாங்க.

சரி, உன் ரெண்டாவது கவலைக்கு வருவோம், காம்ப்ரிஹென்ஷன். அன்னைக்குப் போன்ல உனக்கு ஒரு வாக்கியம் சொன்னேனே, ஞாபகம் இருக்கா? ‘டொங்குளான் பிசுறாமரத்தில் மிஞ்சலாகக் கெண்டளித்தான்.’ எதில் கெண்டளித்தான்னு கேட்டேன். ‘பிசுறாமரத்தில்’ன்னே. எவ்வாறு? ‘மிஞ்சலாக’. கெண்டளித்தவன் யார்? ‘டொங்குளான்’. மூணுக்கு மூணு! எம்.இ. படிச்ச மூளையில்லையா. ஆனா பிசுறாமரம் புளியமரம் மாதிரி ஒரு மரமா, பேய் குடியிருக்கிற மரமான்னு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கெண்டளிச்சவனுக்கு மாலை போடணுமா, கட்டி வச்சு உதைக்கணுமான்னும் தெரியாது. பாடத்துக்குப் பின்னால வர்ற ‘கோடிட்ட இடத்தை நிரப்புக’ முக்காவாசி இந்தக் கெண்டளிப்புதான். வாக்கியத்தைத் தேடிப் பிடிச்சு வாலை மட்டும் வெட்டி ஒட்டத் தெரிஞ்சா போதும். உன் மக அதுல கெட்டிக்காரியாத்தான் இருக்கா. வீக்குன்னா வேற எங்கயோ வீக்கு.

அது எங்கன்னு முதல் நாள் ராத்திரியே தெரிஞ்சு போச்சு. அவளையே வாசிக்கச் சொன்னேன். எழுத்துக் கூட்டித் தப்பில்லாமத்தான் வாசிக்கிறா. ஆனா நாம வாயில பேசுறது ஒரு தமிழ், புத்தகத்துல நிக்கிறது ஒரு தமிழ். ‘கூப்பிட்டா’ தெரியும், ‘அழைத்தாள்’னா ஒரு நிமிஷம் நிக்கிறா. ‘முழிச்சா’ தெரியும், ‘திகைத்தாள்’ தெரியல. உங்க வீட்டுல பாதிப் பேச்சு இங்கிலீஷ், மீதி டிவிக்காரன் தமிழ். அந்தப் புத்தகத் தமிழ் அவ காதுல விழுந்ததே இல்ல. காதுல விழாத வார்த்தையைக் கண்ணு மட்டும் எப்படி அடையாளம் கண்டுக்கும்?

அதனால அடுத்த நாளிலிருந்து வாசிக்கிற வேலையை நான் எடுத்துக்கிட்டேன். ‘நாலாங் கிளாஸ் பிள்ளைக்கு வாசிச்சுக் காட்டுறதா? அவளேல்ல வாசிக்கணும்’னு நீ கேப்ப. அவளும் பகல்ல வாசிக்கத்தான் செய்யுறா. ஆனா கிட்டத்தட்ட 12, 13 வயசு வரைக்கும் பிள்ளைகளுக்குத் தானா வாசிச்சுப் புரியுறதைவிடக் கேட்டுப் புரியுறது சாஸ்தி. வெளக்குமாத்தைப் போட்டுட்டு உங்க அத்தையும் வந்து உக்காந்தா. அப்புறம் மேலத்தெரு பயலுக ரெண்டு பேரு, அவனுக தங்கச்சி ஒருத்தின்னு திண்ணை நெறஞ்சு போச்சு.

நீ அந்தப் புத்தகத்தை வாங்கினே, வாசிச்சியான்னு நான் கேக்கப்போறதில்ல. கரண்டு பில்லும் வாட்சப்பும் வாசிக்கவே உனக்கு நேரம் பத்தல. நானே சொல்லுறேன். எழுதுனது டெட்சுகோ குரோயானாகி, ஜப்பான்ல பெரிய டிவி நடிகை. தான் சின்னப் பிள்ளையில படிச்ச டோமோயே பள்ளிக்கூடத்தைப் பத்தி எழுதி, 1981-ல புத்தகமா வந்துச்சு. 1937-ல கோபயாஷின்னு ஒரு தலைமையாசிரியர் டோக்கியோவுல ஆரம்பிச்ச பள்ளிக்கூடம். வகுப்பறைக்குப் பதிலா பழைய ரயில் பெட்டிக. மொத்தமே 50 பிள்ளைகதான். 1945-ல குண்டு விழுந்து எரிஞ்சு போச்சு. டோட்டோ-சான் அங்க எப்படி வந்தான்னா, முன்னால படிச்ச பள்ளிக்கூடத்துல ஒண்ணாங் கிளாஸ்லயே நிறுத்திவிட்டுட்டாங்க. மேசை மூடியைத் திறந்து திறந்து மூடுனாளாம், ஜன்னல்ல நின்னு தெருவுல போற மேளக்காரங்களைக் கூப்பிட்டாளாம்.

புதுப் பள்ளிக்கூடத்துல சேர்ந்த அன்னைக்கு அந்தத் தலைமையாசிரியர் அவளை உக்கார வச்சு, உனக்குச் சொல்ல இருக்கிறதை எல்லாம் சொல்லுன்னுட்டு நாலு மணி நேரம் கேட்டாரு மாப்ளே. கொட்டாவி விடாம. உன் மககிட்ட நீ கடைசியா நாலு நிமிஷம் செல்லைப் பாக்காமக் கேட்டது எப்பன்னு நான் கணக்குக் கேக்கல. மிஸ்கிட்ட ஒக்காபுலரி பத்திக் கேட்டியே, அதைத்தான் ஞாபகப்படுத்தினேன். பேசக் காது கிடைக்காத பிள்ளைக்கு வார்த்தை எதுக்கு?

இப்ப ஒரு அத்தியாயம் சொல்லுறேன், உன் நோட்டுக்கு ஆப்பு வச்சது அதுதான். அந்தப் பள்ளிக்கூடத்துல மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒரு சட்டம். கடல்லருந்து ஏதாவது கொஞ்சம், மலையிலருந்து ஏதாவது கொஞ்சம் கொண்டு வரணும். மலைன்னா நிலத்துல விளையுறதும் மேயுறதும் எல்லாம். சரிவிகித உணவு, புரதச்சத்துன்னு ஒரு வார்த்தை கிடையாது. ரெண்டுல ஒண்ணு குறைஞ்சா தலைமையாசிரியர் சம்சாரம் ரெண்டு கையிலயும் ரெண்டு சட்டியோட வந்து, விட்டுப்போனதை வச்சுட்டுப் போவாங்க. டோட்டோ-சான் டப்பாவைத் திறந்தா அதுல டென்புன்னு ஒண்ணு இருக்கு. அது கடலா மலையான்னு கேள்வி வந்துருச்சு. அவளுக்கே தெரியல. நிறத்தைப் பாத்தா மண்ணுல வந்த மாதிரி இருக்காம். தலைமையாசிரியர் உடனே பதில் சொல்லல. நீங்க என்ன நினைக்கிறீங்கன்னு எல்லாரையும் கேக்குறாரு. பாதிப் பேரு கடல்ங்குறான், பாதிப் பேரு நிலம்ங்குறான். கத்தி முடிச்ச பெறகுதான் கடல்னு சொல்லுறாரு. ஒரு பய விடல, ஏன்னு கேக்குறான். மீனை வேகவச்சு, முள்ளுலருந்து சதையைச் சுரண்டி, லேசா வறுத்து, நுணுக்கி, காயவச்சு, ருசி சேக்குறதுன்னு அப்புறம் விளக்குறாரு.

இந்த இடத்துல உங்க அத்தை, “அட, நம்ம மாசிப் பொடி மாதிரி”ன்னா. அவ்வளவுதான், எழுந்து போயி அடுக்களையிலருந்து மாசித்துண்டை எடுத்துட்டு வந்துட்டா. பயலுக மோந்து பாத்தானுக. உன் மக நக்கிப் பாத்துட்டு, “டென்பு உப்பா இருக்கு ஆச்சி”ங்கா.

அப்புறம் புத்தகத்தை மூடிட்டோம். வாசிச்சது முக்கால் பக்கம், சண்டை முக்கால் மணி நேரம். உப்பு எது? தூத்துக்குடி உப்பளத்துல விளையுதே, அப்ப நிலமா? இல்ல, கடத்தண்ணிதானேன்னு ஒருத்தன். கருப்பட்டி நிலம்னு தீர்ப்பாச்சு. முட்டை நிலம்னு நான் சொல்ல, மேலத்தெருச் சின்னவன் எழுந்திருச்சு, “எங்க கோழி கருவாட்டுத் தலையைத் தின்னுட்டுல்ல முட்டை போடுது தாத்தா?”ன்னான். இதுக்குக் கோபயாஷி இருந்தாலும் முழிச்சிருப்பாரு. மலைன்னா நமக்குக் கழுகுமலைதான், அங்க விளையுறது சமணர் சிலை, அதைச் சாப்பாட்டு டப்பாவுல வைக்க முடியாதுன்னு நான் சொன்னதுக்கு யாரும் சிரிக்கல. போகட்டும்.

உன் நோட்டுல ‘டென்பு - மீன் பொடி’ன்னு ஒரு வரி ஏறியிருக்கும். இங்க சுரண்டி, வறுத்து, நுணுக்கி, உப்பளம், கருப்பட்டின்னு ஒரு படையே சேந்து வந்துச்சு. ஒண்ணையும் நான் மனப்பாடம் பண்ணச் சொல்லல.

கிழவன் உளறுறான்னு நினைப்ப. வெள்ளைக்காரன் சொன்னா உனக்கு ஆராய்ச்சியாயிரும்ல, அதுக்கும் ஆள் வச்சிருக்கேன். நம்ம ஊர் நூலகத்துல இருக்கே அந்தப் பொண்ணு, அதுகிட்டக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். நியூசிலாந்துல வார்விக் எல்லின்னு ஒருத்தர், 1989-ல எழுதியிருக்காரு. ஏழெட்டு வயசுப் பிள்ளைகளுக்கு ஒரே கதையை சில நாள் இடைவெளியில மூணு தடவை வாசிச்சுக் காட்டினாங்க. சும்மா வாசிச்சதுலயே கதையில வந்த புது வார்த்தைகள்ல 15 விழுக்காடு முன்னேற்றம். வாசிக்கிறப்ப அங்கங்க நிறுத்தி, வார்த்தைக்கு ரெண்டு சொல்லுல விளக்கம் சொன்ன இடத்துல 40 விழுக்காடு. மாசக்கணக்குக் கழிச்சுக் கேட்டாலும் மறக்கலையாம். அங்கங்க, ரெண்டு சொல்லுலன்னு சொன்னேன், கவனிச்சியா? உன்னை மாதிரி ஆளு கையில குடுத்தா வரிக்கு நாலு நிறுத்து நிறுத்தி, பிள்ளை கதையையே விட்டுட்டு ஓடிரும்.

‘திகைத்தாள்’ வந்தப்ப நான் வாயைத் திறக்கல. கண்ணை விரிச்சு, கையை அந்தரத்துல நிறுத்திக் காமிச்சுட்டு அடுத்த வரிக்குப் போயிட்டேன். அதே வார்த்தை இன்னொரு அத்தியாயத்துல வந்துச்சு, அவளே கண்ணை விரிச்சா. நீளமா, அத்தியாயம் அத்தியாயமா போற புத்தகத்துல இது ஒரு சவுகரியம். பாடப் புத்தகத்துல நாலு பக்கத்துக்கு ஒருக்கா ஊரு மாறும், ஆளு மாறும், விசயம் மாறும். திங்கக்கிழமை காந்தி, புதன்கிழமை மழைநீர் சேகரிப்பு. வந்த வார்த்தை திரும்பி வர்றதுக்குள்ள பரீட்சை வந்துரும். இங்க அதே பிள்ளை, அதே ரயில் பெட்டி, அதே நாயி. தெரிஞ்ச இடத்துல தெரியாத வார்த்தை ஒண்ணு ரெண்டுதான் நிக்குது, பிடிச்சுக்கலாம். நேத்து காலையில கரண்டு பில்லு வந்துச்சு. உன் மக உள்ள ஓடி, “ஆச்சி, தாத்தா திகைச்சுப் போய் நிக்கிறாரு”ங்கா. வாக்கியத்தில் அமைச்சுட்டா மாப்ளே. உன் மூணாவது கட்டம்.

புரியுறதுங்குறதுல இன்னொரு சூட்சுமம் இருக்கு. டோட்டோ-சானுக்குப் போலியோ வந்த ஒரு கூட்டாளிப் பையன். அவனை ஏணி வச்சு மரத்துல ஏத்திவிட்டா அவன் சொல்லுவான், அமெரிக்காவுல டெலிவிஷன்னு ஒரு பெட்டி இருக்காம், அது ஜப்பானுக்கு வந்தா வீட்டுலருந்தே சுமோ பாக்கலாமாம்னு. அம்மாம் பெரிய சுமோ எப்படிப் பெட்டிக்குள்ள நுழையும்னு டோட்டோ-சான் யோசிப்பா. நான் இதை வாசிச்சதும் பயலுக விழுந்து விழுந்து சிரிச்சானுக. நானும் ஆகா, புரிஞ்சிருச்சுன்னு அடுத்த பக்கத்தைத் திருப்பப் போனேன். பெரியவன் மட்டும், “கண்ணாடியை எறக்கிவிட்டாக்கூட நுழையாது தாத்தா”ன்னான். கேட்டா, அவன் மனசுல நிக்கிறது டாடா சுமோ! பஞ்சாயத்துத் தலைவர் வீட்டு வாசல்ல நிக்குமே, அந்த வண்டி. சிரிக்க வேண்டிய இடத்துல சரியாச் சிரிச்சிருக்கான். பரீட்சையில ‘பெட்டிக்குள் எது நுழையாது?’ன்னு கேட்டா முழு மார்க்கு. குண்டு மனுசன் மல்யுத்தம் பண்ணுறதுன்னு செல்லுல ஒரு படத்தைக் காமிச்ச பெறகு இன்னொரு தடவை சிரிச்சானுக. அந்தச் சிரிப்பு வேற.

இதுக்கும் வெள்ளைக்காரன் வேணுமா? 1988-ல ரெக்ட், லெஸ்லின்னு ரெண்டு பேரு அமெரிக்காவுல பண்ணது. பேஸ்பால் ஆட்டத்தைப் பத்தி ஒரு பத்தியைப் பிள்ளைககிட்டக் குடுத்தாங்க. வாசிப்புல மட்டம்னு பேரெடுத்த, ஆனா ஆட்டம் தெரிஞ்ச பிள்ளைக, நல்லா வாசிக்கிற ஆனா ஆட்டம் தெரியாத பிள்ளைகளைவிட நல்லாப் புரிஞ்சு சொல்லுச்சாம். அப்ப உன் மகளோட காம்ப்ரிஹென்ஷன் வீக்கா, இல்ல அவ ஏறாத மரமும் பாக்காத உப்பளமும் வீக்கான்னு மிஸ்கிட்டக் கேட்டுச் சொல்லு. மெட்ரோவுல கார்டைத் தேய்ச்சுட்டுப் போற பிள்ளைக்கு, முதல் அத்தியாயத்துல டோட்டோ-சான் ரயில் டிக்கெட்டைக் குடுக்க மனசில்லாம நிக்கிறது எதுக்குன்னே பிடிபடல. நான் பெட்டியைக் குடைஞ்சு பழைய அட்டை டிக்கெட் ஒண்ணை எடுத்துக் குடுத்தேன். இன்னும் திருப்பித் தரல.

எல்லாம் சிரிப்பாவே போச்சுன்னு நினைக்காத. ஒரு அத்தியாயத்துல அந்தப் பிள்ளை தனக்குப் பிடிச்ச பர்ஸைக் கக்கூஸ் குழிக்குள்ள போட்டுரும். நீளக் கைப்பிடி போட்ட அகப்பையை எடுத்துட்டு வந்து, குழி மூடியைத் திறந்து அள்ளி வெளிய கொட்ட ஆரம்பிச்சிரும். தலைமையாசிரியர் வருவாரு, என்ன பண்ணுறேன்னு கேப்பாரு, திட்ட மாட்டாரு. முடிஞ்சதும் எல்லாத்தையும் திரும்ப உள்ள போட்ருவல்லன்னு கேட்டுட்டுப் போயிருவாரு. பர்ஸ் கிடைக்காது. ஆனா அவ எல்லாத்தையும் திரும்ப அள்ளிப் போட்டு, தண்ணி ஊறின மண்ணையும் கொஞ்சம் சேத்துப் போடுவா. சொன்ன சொல்லு.

ஏன் திட்டலைன்னு கேட்டேன். இதுக்குப் புத்தகத்துல வரியைத் தேடி வெட்டி ஒட்ட முடியாது பாரு. “நாத்தம் தாங்காம ஓடிட்டாரு”ன்னான் சின்னவன். “திட்டினா அவ பர்ஸும் போச்சு, திட்டும் கிடைச்சுச்சுன்னு அழுவா”ன்னு அவன் தங்கச்சி. உன் மக ரொம்ப நேரம் பேசல. பெறகு, “நம்ம ஊர்ல குழி நெறஞ்சா யாரு தாத்தா அள்ளுவா?”ன்னு கேட்டா. அந்தக் காலத்துல எந்தத் தெரு ஆளுகளை அதுக்குன்னே வச்சிருந்தோம்னு சொன்னேன். 2013-ல சட்டம் போட்டுத் தடுத்த பெறகும் குழிக்குள்ள இறங்கிச் சாகுறாங்கன்னும் சொன்னேன். “அவங்க பர்ஸைத் தேடி இறங்கல”ன்னா. இதை எந்தக் கட்டத்துல எழுதுறதுன்னு எனக்குத் தெரியல மாப்ளே, நீ படிச்சவன், சொல்லு.

உங்க அத்தை பண்ணுற வேலையையும் சொல்லிருறேன். ராத்திரி பூரா பக்கத்துல உக்காந்து ஒரு வரி விடாமக் கேட்டுட்டு, மறுநாள் காலையில, “நேத்து நான் கண்ணசந்துட்டேன்டி, என்ன ஆச்சு?”ன்னு அப்பாவியாக் கேப்பா. பிள்ளை முழுக் கதையும் ஒப்பிக்கும். “அப்ப அந்தப் பய ஏன் மரத்துல ஏறமாட்டேன்னான்?”னு வேணும்னே தப்பாக் கேப்பா. பிள்ளை தலையில அடிச்சுக்கிட்டு, “ஏறமாட்டேன்னு சொல்லல ஆச்சி, ஏற முடியல!”ன்னு திருத்தும். 1984-ல பலிங்சர், பிரவுன்னு ரெண்டு அம்மாமாரு இதையேதான் அமெரிக்காவுல பள்ளிக்கூடத்துல பண்ணாங்க. பிள்ளைகளே முறை வச்சு வாத்தியாரா இருந்து சுருக்கிச் சொல்லணும், கேள்வி கேக்கணும், புரியாததைத் தெளிவாக்கணும், அடுத்து என்ன வரும்னு ஊகிக்கணும். உங்க அத்தைக்கு அதெல்லாம் தெரியாது. தூங்குற மாதிரி நடிக்க மட்டும் நல்லாத் தெரியும், உங்க மாமன்கிட்டப் பழகுன பழக்கம்.

ஊகிக்கிற டிபார்ட்மெண்ட் என்னோடது. அத்தியாயம் முடியுற நேரம் புத்தகத்தை மூடி, அடுத்து என்ன ஆகும்னு பந்தயம். சொன்னது நடந்தா அவங்களுக்கு ஒரு கடலை மிட்டாய், நடக்காட்டா எனக்கு. ஏன் அப்படி நினைக்கிறன்னு காரணம் சொல்லணும், சும்மா அடிச்சுவிட்டா செல்லாது. காரணம் சொல்லுறதுக்காகவே முந்தின அத்தியாயத்தைப் புரட்டிப் பாக்குதுக, பாத்துக்க. நான் அநேகமாத் தோத்துக்கிட்டே இருக்கேன்.

அடுத்த லீவுக்கும் சேத்துச் சொல்லி வைக்கிறேன். அரசாங்கப் பள்ளிக்கூடத்துல 2023-லருந்து வாசிப்பு இயக்கம்னு ஒண்ணு வச்சு, புத்தகங்களுக்கு நுழை, நட, ஓடு, பறன்னு நாலு படி போட்டிருக்காங்க. பேரு வச்சவன் பிள்ளையோட பழகினவன். மேலத்தெரு பயலுக அதுல வாசிச்சதை வச்சுத்தான் உன் இங்கிலீஷ் மீடியம் மகளுக்குத் தமிழ்ல சவால் விடுறானுக. அவ ஓடுற இடத்துக்கு வந்துட்டா. அதனால பாலபாரதியோட ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’, உதயசங்கரோட ‘ஆதனின் பொம்மை’ ரெண்டையும் வாங்கி வை. ரெண்டும் பால சாகித்திய புரஸ்கார் வாங்கினது, 2020-லயும் 2023-லயும். ரெண்டாவது கீழடி சங்கதி, அதை வாசிச்சு முடிச்சுட்டு பஸ்ஸேறிப் போய்ப் பானை ஓட்டைக் கண்ணால பாத்துட்டு வந்துரலாம். முதல் புத்தகத்தை நீயும் மருமகளும் முன்னாடியே வாசிச்சிருங்க. பிள்ளைகளைத் தொடக்கூடாத விதமாத் தொடுறவங்களைப் பத்தினது, அவ கேள்வி கேப்பா, அப்ப ரெண்டு பேரும் செல்லை எடுத்து நோண்டக்கூடாது.

அப்புறம் ஒண்ணு, கடலை மிட்டாய்க் கணக்கு. பந்தயத்துல தோத்தது நான்தான், ஆனா ஒக்காபுலரி வீக்குன்னு சொன்னது நீ. அதனால கடைக்காரர்கிட்ட உன் பேருலதான் பத்து எழுதச் சொல்லியிருக்கேன். நம்பர் அனுப்புறேன், ஜிபே பண்ணிரு. இந்த வாரத்துக்குள்ள பண்ணிரு, டோட்டோ-சான்ல இன்னும் பாதிப் புத்தகம் பாக்கி இருக்கு.